மடோனாவை எந்தத் தொகுப்பில் தொடங்குவது?

போன மாதம் அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. "மாமா, ரீல்ஸ்ல ஃப்ரோஸன்னு ஒரு பாட்டு ஓடிட்டே இருக்கு. மடோனா பாட்டாமே? அவங்க பாட்டெல்லாம் ஒழுங்கா கேக்கணும் மாமா. ஆப்ல தேடினா ஹிட்ஸ்னு சொல்லி அஞ்சாறு ஆல்பம் வருது. எதுல ஆரம்பிக்கிறது?"

கேள்வி சின்னதுதான். ஒரு வரியில் பதில் அனுப்பத்தான் எனக்கு மனம் வரவில்லை. 1982இல் 'எவ்ரிபடி' என்ற சிங்கிளோடு (தனியாக வெளியாகும் ஒற்றைப் பாட்டு) பாட வந்தவர் மடோனா. நாற்பது வருடப் பாட்டுகளை ஒரு புதுக் காதுக்குக் கொடுக்கும்போது, முதலில் எது விழுகிறதோ அதுவே அந்தக் காதுக்கு அசல் ஆகிவிடுகிறது. அப்புறம் உண்மையான அசலைக் கேட்டால்கூட அதுதான் வேற்றாளாகத் தெரியும். இது எனக்கே நடந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, கேசட்டுக்கும் பதிவுக்கும் காசு கட்டிவிட்டு வந்தால் இரண்டு நாளில் கேசட் தயாராக இருக்கும். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது. நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் 'லிவ் டு டெல்' ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு. அந்தப் பாட்டின் நடுவே ஓர் இடம் வரும். தாளம் அடங்கிவிடும், குரல் நின்றுவிடும், கீபோர்டில் ஒரு தாழ்ந்த சுரம் மட்டும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். என் கேசட்டில் அந்த இடத்தில்தான் நாடா தீர்ந்து, 'டக்' என்று பட்டன் மேலே எழும்பும். பாட்டே அங்கேதான் முடிகிறது என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரி விடுதியில் ஒரு நண்பனின் அறையில் அதே பாட்டு ஓடியது. அந்த அமைதி வந்தது. நான் எழுந்துகொள்ளப் போனேன். அப்போது அவர் குரல் தாழ்வாக, தயங்கித் தயங்கித் திரும்பி வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் பாதிப் பாட்டைத்தான் முழுப்பாட்டு என்று நெஞ்சில் வைத்திருந்திருக்கிறேன்.

அதனால் மடோனாவின் தொகுப்புகளை ஒப்பிடும்போது, எதில் எத்தனை ஹிட் இருக்கிறது என்று நான் முதலில் எண்ணுவதில்லை. பாட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்கிறேன். மடோனா விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். ஒரே பாட்டு ஆல்பத்தில் ஒரு மாதிரி, சிங்கிளில் ஒரு மாதிரி, நடனக் கூடங்களுக்கான பன்னிரண்டு அங்குல இசைத்தட்டில் இன்னொரு மாதிரி என்று அவர் வெளியிட்டுக்கொண்டே வந்தவர். எந்தத் தொகுப்பு எந்த வடிவத்தை எடுத்துக்கொண்டது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. அக்கா மகள் கேட்ட 'ஃப்ரோஸன்'கூட 1998இல் வந்த பாட்டு அல்ல. சிக்கிக் என்பவர் செய்து 2021இல் இணையத்தில் பரவிய ரீமிக்ஸ் அது. அசல், ஆறு நிமிடத்துக்கு மேல் நிதானமாக விரியும் பாட்டு. இசைத் தயாரிப்பாளர் வில்லியம் ஆர்பிட்டின் மின்னணு ஒலிகளுக்கு மேல் கிரெய்க் ஆம்ஸ்ட்ராங் அமைத்த வயலின் கூட்டம் மெல்ல மெல்ல ஏறி வரும். ரீல்ஸில் கேட்கும் பதினைந்து நொடியில் அதற்கெல்லாம் இடமில்லை.

எல்லோரும் முதலில் சொல்வது 'தி இமாகுலேட் கலெக்‌ஷன்'. 1990 நவம்பரில் வந்தது. நீல அட்டை, தங்க நிற எழுத்து, அட்டையில் அவர் முகம்கூட இல்லை. பதினேழு பாட்டுகள்: 'ஹாலிடே'யில் தொடங்கி, 'லைக் எ வர்ஜின்', 'மெட்டீரியல் கேர்ள்', 'பாப்பா டோன்ட் ப்ரீச்', 'லா இஸ்லா போனிடா', 'லைக் எ ப்ரேயர்', 'வோக்' என்று ஏறக்குறைய காலவரிசையில் போய், கடைசியில் 'ஜஸ்டிஃபை மை லவ்', 'ரெஸ்க்யூ மீ' என்ற இரண்டு புதுப் பாட்டுகளில் முடிகிறது. உலகம் முழுவதும் மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற தொகுப்பு. பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை.

புகழுக்குத் தகுதியான தொகுப்புதான், சந்தேகமில்லை. எட்டு வருடத்தில் ஒரு பாடகியின் குரலும் துணிச்சலும் எப்படி வளர்ந்தன என்பதை ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். 'ஹாலிடே'யில் கீச்சென்று ஒரு பெண்ணின் உற்சாகம். 'லைக் எ ப்ரேயர்' வரும்போது ஆண்ட்ரே க்ரௌச்சின் தேவாலயப் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று பாடுகிற ஒருவர். அதிலிருந்து நான்காவது பாட்டில் கிசுகிசுப்பு மட்டும்தான். 'ஜஸ்டிஃபை மை லவ்' காணொளியை எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது, அதைத் தனி வீடியோ கேசட்டாகவே விற்றார்கள், பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. இதெல்லாம் எழுபத்து நான்கு நிமிடத்துக்குள். ஒரு சிடியில் அன்றைக்கு அவ்வளவுதான் கொள்ளும்.

அந்த அளவில்தான் சிக்கலும் இருக்கிறது. பதினேழு பாட்டுகளை ஒரு சிடியில் அடக்கப் பலவற்றைக் கத்தரித்திருக்கிறார்கள். முதல் ஆல்பத்தில் 'ஹாலிடே' ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், இங்கே நான்கு நிமிடம். 'லக்கி ஸ்டா'ரில் இரண்டு நிமிடம் போய்விட்டது. 'செரிஷ்' ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்திருக்கிறது. என் உயிரான 'லிவ் டு டெல்' அரை நிமிடம் போல சுருங்கியிருக்கிறது. அந்த நடு அமைதி இருக்கிறது, அதைத் தொடவில்லை. ஆனால் ஒரு தடவை பாதிப் பாட்டோடு வாழ்ந்தவன் என்பதால் அந்த அரை நிமிடம் எனக்கு உறுத்தும்.

கத்தரித்ததோடு நிற்கவில்லை, ஒலியையும் மாற்றியிருக்கிறார்கள். க்யூசவுண்ட் என்ற தொழில்நுட்பத்தில் வந்த முதல் ஆல்பம் இதுதான். இடது, வலது ஒலிகளுக்கு இடையே மிகச் சிறிய மாற்றங்களைச் செய்து, ஒலி ஸ்பீக்கருக்கு வெளியே இருந்தும் வருவதுபோல் காதை நம்பவைக்கும் முறை அது. இதற்காகப் பழைய பாட்டுகளை ரீமிக்ஸ் கலைஞர் ஷெப் பெட்டிபோன் முதலானவர்கள் மறுபடி மிக்ஸ் செய்தார்கள். இரண்டு ஸ்பீக்கர்களைச் சரியான தூரத்தில் வைத்து, அவற்றோடு ஒரு முக்கோணம் அமைகிற மாதிரி எதிரே நடுவில் உட்கார்ந்து கேட்டால் அதன் அருமை தெரியும். 'வோக்' தொடக்கத்தில் அந்த விரல் சொடுக்குகள் என் அறையில் ஸ்பீக்கருக்கு ஒரு முழம் தள்ளி, புத்தக அலமாரிப் பக்கத்திலிருந்து கேட்கும். நாற்காலியை நகர்த்திப் போட்டால் அந்த மாயம் போய்விடும். செல்போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அவருக்கு மிஞ்சுவது, அசலைவிடக் கொஞ்சம் வெளிறிய ஒரு மிக்ஸ்.

சில பாட்டுகளுக்கு இந்த மாற்றம் நன்மை செய்திருக்கிறது. 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' 1989 ஆல்பத்தில் ட்ரம்பெட்டும் சாக்சஃபோனும் முழங்கும் பாட்டு. இங்கே வருவது காணொளிக்காக பெட்டிபோன் செய்த வடிவத்தை ஒட்டியது, நடனக் கூடத்துக்கான தாளம் கொண்டது. எனக்கு இதுதான் ஒரு படி மேல். 'வோக்' அது முதலில் வந்த ஆல்பத்தில் இருப்பதைவிட இங்கே அரை நிமிடம் நீளம், அதுவும் நல்லதே. ஆனால் 'லைக் எ ப்ரேயர்' விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அசலில் தாளம் விட்டு விட்டு வரும். பிரார்த்தனை போல அடங்கி ஓர் இடம், திருவிழா போலப் பொங்கி ஓர் இடம். இங்கே அடியில் ஆட்டத்துக்கான தாளத்தைப் போட்டு அந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்திவிட்டார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற அந்த நொடி அதில் இல்லை. இந்தத் தொகுப்பை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள், அவர்களுக்கு 'லைக் எ ப்ரேயர்' என்றால் இதுதான்.

விட்டுப்போன பாட்டுகளையும் சொல்ல வேண்டும். 'ஹூஸ் தட் கேர்ள்' 1987இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது, இதில் இல்லை. 'ட்ரூ ப்ளூ' இல்லை, 'டிரெஸ் யூ அப்' இல்லை, முதல் சிங்கிளான 'எவ்ரிபடி'யும் இல்லை. ஆனால் இந்த இழப்புகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இருக்கிற பதினேழில் சோடை போனது என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. எதை விடுவது என்று தெரிந்த ஒருவர் தொகுத்திருக்கிறார்.

இதன் தொடர்ச்சிதான் 2001இல் வந்த 'ஜிஎச்வி2'. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் வால்யூம் 2' என்பதன் சுருக்கம், இரண்டாம் தொகுதி என்று தலைப்பே சொல்கிறது. 1992 முதல் 2001 வரையிலான பதினைந்து பாட்டுகள், புதிதாக எதுவும் இல்லை. விற்பனையில் முதலாவதன் பக்கத்தில்கூட நிற்க முடியாதது. ஆனாலும் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. மடோனா பாடகியாக முதிர்ந்த வருடங்கள் இதில்தான் இருக்கின்றன. 1996இல் வந்த 'எவிடா' படத்துக்காக முறையாகக் குரல் பயிற்சி எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற குரல் வேறுபாட்டை இந்த ஒரே சிடியில் கேட்கலாம். 'எராட்டிகா'வில் மூக்கடியில் பேசுகிற குரல், 'ட்ரௌண்ட் வேர்ல்ட்'டில் அடிவயிற்றிலிருந்து வருகிறது. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் எழுதிக் கொடுத்த 'பெட்டைம் ஸ்டோரி', பாடகர் பேபிஃபேஸுடன் சேர்ந்து எழுதி ஏழு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த 'டேக் எ பௌ', கூடவே 'ஃப்ரோஸன்', 'ரே ஆஃப் லைட்', 'தி பவர் ஆஃப் குட்பை' எல்லாம் உண்டு. மொழிபெயர்ப்பே வேண்டாத சோகம் 'தி பவர் ஆஃப் குட்பை'.

குறை என்னவென்றால் வரிசை. பெரும்பாலும் காலவரிசையில் போகிற மாதிரி போய், நடுவில் சட்டென்று முன்னும் பின்னும் தாவுகிறது. 'ரே ஆஃப் லைட்' ஆல்பத்தின் பாட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கின்றன. 'ரெய்ன்' விட்டுப்போனது பெரிய இழப்பு. 1992இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'திஸ் யூஸ்ட் டு பீ மை ப்ளேகிரவுண்ட்' இல்லாதது அதைவிடப் பெரிது. அந்தப் பாட்டின் கதை பின்னால் வருகிறது. நம் வாசகர்களுக்காக ஒன்று: 'ரே ஆஃப் லைட்' ஆல்பத்தில் 'சாந்தி/அஷ்டாங்கி' என்று சமஸ்கிருதத்தில் ஒரு பாட்டு உண்டு. யோகப் பயிற்சியின் தொடக்கத்தில் சொல்லும் குரு வணக்கத்தைத்தான் மடோனா பாடியிருக்கிறார். சிங்கிளாக வராத பாட்டு என்பதால் எந்த ஹிட்ஸ் தொகுப்பிலும் அது கிடையாது. ஆல்பத்துக்கே போனால்தான் உண்டு.

2009இல் வந்தது 'செலிப்ரேஷன்'. இரண்டு சிடியில் முப்பத்தாறு பாட்டுகள். பாட்டுகளை வெளியிட்டுவந்த வார்னர் நிறுவனத்தோடு இருந்த நீண்ட உறவை முடித்துக்கொள்ளும்போது வந்த தொகுப்பு. முதல் இரண்டு தொகுதிகளில் இருக்கிற பெரும்பாலான பாட்டுகள் இதில் இருக்கின்றன. கூடவே அதற்குப் பிறகு வந்த 'டை அனதர் டே', அபா குழுவின் பழைய பாட்டிலிருந்து ஓர் இசைத்துண்டை எடுத்துக் கட்டிய 'ஹங் அப்', ஜஸ்டின் டிம்பர்லேக்குடன் பாடிய 'ஃபோர் மினிட்ஸ்', விட்டுப்போயிருந்த 'ஹூஸ் தட் கேர்ள்', 'டிரெஸ் யூ அப்', 'எவ்ரிபடி' எல்லாம் உண்டு. கணக்குப் பார்த்து ஒரே தொகுப்பு வாங்குபவருக்கு இதுதான் லாபம்.

வடிவத்திலும் இது ஒரு நல்ல காரியம் செய்கிறது. க்யூசவுண்ட் மிக்ஸ்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பழைய மிக்ஸ்களுக்குத் திரும்புகிறது. 'ஹாலிடே' இங்கே ஆறு நிமிடமும் இருக்கிறது. 'லக்கி ஸ்டார்' முழு நீளம். 'இன்டு தி க்ரூவ்' 1985இல் ரேடியோவில் ஒலித்த அதே பாட்டு. 'லிவ் டு டெல்' வெட்டில்லாமல் கிட்டத்தட்ட ஆறு நிமிடம்.

இவ்வளவு சொல்லியும் நான் இதை எடுத்துக் கேட்பது அபூர்வம். காரணம் வரிசைதான். 2005இன் 'ஹங் அப்'பில் தொடங்கி, 2000க்குப் போய், 1990க்குப் போய், 2008க்கு ஓடிவந்து, ஐந்தாவது பாட்டில் 1983க்கு விழுகிறது. முதல் சிடி ஆட்டத்துக்கு, இரண்டாவது கொஞ்சம் நிதானமாக என்று நினைத்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு விருந்து வீட்டில் போட்டு விட்டுவிட்டால் நன்றாகத்தான் ஓடும். உட்கார்ந்து கேட்பவருக்கு ஒரு மனுஷியின் வாழ்க்கை இதில் தெரியாது. போதாக்குறைக்கு ஒலியையும் தூக்கி வைத்திருக்கிறார்கள். மெல்லிய இடமும் பலத்த இடமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து மோதுகின்றன. ஹெட்போனில் முதல் சிடியை ஒரே அமர்வில் கேட்டு முடித்தால் காது களைத்துப்போகும். 'லிவ் டு டெ'ல்லின் அந்த அமைதிக்கு முன்னும் பின்னும் இப்படிப்பட்ட சத்தம் இருந்தால், அது அமைதியாகவே விழுவதில்லை.

விட்டுப்போனவையும் இங்கேதான் எனக்கு உறுத்துகின்றன. முப்பத்தாறு இடம் கையில் இருந்தும் 'ஹ்யூமன் நேச்சர்', 'டீப்பர் அண்ட் டீப்பர்', 'ரெய்ன்', 'தி பவர் ஆஃப் குட்பை', 'டோன்ட் க்ரை ஃபார் மீ அர்ஜென்டினா' ஒன்றும் இல்லை. 'மைல்ஸ் அவே' இருக்கிறது. அதை உட்கார வைத்துவிட்டு 'ரெய்'னை வெளியே நிறுத்தியதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. 'திஸ் யூஸ்ட் டு பீ மை ப்ளேகிரவுண்ட்' இங்கேயும் இல்லை.

இப்போது அந்தப் பாட்டின் கதை. 1992இல் பெண்களின் பேஸ்பால் அணி பற்றிய 'எ லீக் ஆஃப் தேர் ஓன்' என்ற படத்தின் முடிவில் வரும் பாட்டு அது. அந்தப் படத்தில் மடோனாவும் நடித்திருக்கிறார். ஆனால் படத்தின் இசைத்தட்டில் பாட்டைச் சேர்க்கவில்லை. பார்சலோனா ஒலிம்பிக்கையொட்டி வந்த ஒரு கூட்டுத் தொகுப்பில்தான் இடம் கிடைத்தது. அவருடைய சொந்த ஆல்பம் ஒன்றில் அது வந்து சேர்ந்தது 1995இல், 'சம்திங் டு ரிமெம்பர்' என்ற தொகுப்பில். நான் இத்தனை பத்தி சுற்றிவந்தது இந்தத் தொகுப்பைப் பற்றிச் சொல்லத்தான்.

பெயருக்கு இது ஹிட்ஸ் தொகுப்பு அல்ல. மெதுவான பாட்டுகளை மட்டும் சேர்த்தது, பதினான்கு தடங்கள். அதற்கு முந்தைய மூன்று நான்கு வருடம் மடோனாவைப் பற்றிய பேச்செல்லாம் அவருடைய புகைப்படப் புத்தகத்தையும் காணொளிகளையும் சுற்றியே நடந்தது. தன் வாழ்க்கையைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளில் இசையை யாரும் கவனிக்கவில்லை என்ற ஆதங்கத்தை இந்தத் தொகுப்பின் உள்தாளில் அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆதங்கம் நியாயம் என்பதற்கு இதிலிருக்கும் பாட்டுகளே சாட்சி.

மாஸிவ் அட்டாக் குழுவோடு சேர்ந்து பாடிய 'ஐ வான்ட் யூ'வில் தொடங்குகிறது. மார்வின் கேயின் பழைய பாட்டு. அவரைப் போலப் பாட முயலாமல், தாளத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடுகிறார். பிறகு 'ஐ'ல் ரிமெம்பர்', 'டேக் எ பௌ', டேவிட் ஃபாஸ்டருடன் செய்த 'யூ'ல் சீ'. தொடர்ந்து 'க்ரேஸி ஃபார் யூ', அந்த ப்ளேகிரவுண்ட் பாட்டு, 'லிவ் டு டெல்', 'ரெய்ன்', அப்பாவை நினைத்து எழுதிய 'ஓ ஃபாதர்'. தாயைச் சின்ன வயதில் பறிகொடுத்த ஒரு பெண், தந்தையிடம் பேச முடியாமல்போனதை எல்லாம் பேசுகிற பாட்டு அது. அமெரிக்காவில் இருபதாம் இடத்தைத் தாண்டவில்லை. அதனால்தான் மற்ற ஹிட்ஸ் தொகுப்பு எதிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே கிடைத்திருக்கிறது.

'லிவ் டு டெல்' இதில் வெட்டுப்படாமல் இருக்கிறது, க்யூசவுண்டும் இல்லை. முன்னும் பின்னும் அமைதியான பாட்டுகளே இருப்பதால் நடுவில் அந்த இசை அடங்குகிற இடத்தில் காது தயாராக இருக்கிறது. கீபோர்டின் அந்த ஒற்றைச் சுரத்தின் விளிம்பு கொஞ்சம் நடுங்குவதுகூடக் கேட்கும். அப்புறம் குரல் வருவதற்கு முன் ஒரு மூச்சு. என் பழைய கேசட்டில் பட்டன் எழும்பிய இடம் அதுதான்.

இதிலும் குறை உண்டு. எல்லாம் ஒரே நடையில் போவதால் பத்தாவது பாட்டுக்குமேல் சிலருக்குச் சலிக்கலாம். 'ஃபர்பிடன் லவ்' இல்லாவிட்டாலும் தொகுப்புக்கு ஒன்றும் குறைந்திருக்காது. மடோனா என்றால் ஆட்டம் என்று எதிர்பார்த்து வருபவருக்கு இதில் ஒரு பாட்டுகூட ஆடக் கிடைக்காது. மடோனாவின் பாதி இது, பலர் பார்க்காமலே போய்விடுகிற பாதி.

ஆட வேண்டும் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று இருக்கிறது. 2022இல் வந்த 'ஃபைனலி இனஃப் லவ்'. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெளியிட்டுவந்த நடனக் கூடப் பட்டியலில் மடோனாவின் ஐம்பது பாட்டுகள் முதலிடம் பிடித்திருக்கின்றன. ஒரே பட்டியலில் ஐம்பது முதலிடம் என்பது அதற்குமுன் யாருக்கும் வாய்க்காதது. அந்த ஐம்பதையும் ரீமிக்ஸ் வடிவங்களில் காலவரிசையாக அடுக்கிய தொகுப்பு இது. மூன்று சிடி, மூன்று மணி நேரத்துக்கு மேல். பதினாறு பாட்டுகள் மட்டும் கொண்ட சின்ன வடிவமும் உண்டு. பெரியதை எடுத்தால் 1980களின் தொடக்கத்திலிருந்து 2020 வரை நடன இசை எப்படி மாறிக்கொண்டே வந்தது என்று ஒரே கோட்டில் கேட்கலாம். 2009க்குப் பிறகு வந்த பாட்டுகள் சேர்ந்திருக்கும் ஒரே தொகுப்பும் இதுதான். ஆனால் 'பார்டர்லைன்' இல்லை, 'லா இஸ்லா போனிடா' இல்லை, 'பாப்பா டோன்ட் ப்ரீச்' இல்லை, 'லிவ் டு டெல்' இல்லை. இருக்கிற 'ஃப்ரோஸ'னும் 'ரே ஆஃப் லைட்'டும் ஆட்டத்துக்காக மாற்றப்பட்டவை. மூலப் பாட்டு நெஞ்சில் இருப்பவருக்கு இது பெரிய விருந்து. மூலமே தெரியாதவருக்கு இதை முதலில் கொடுப்பது, ராகத்தைக் காட்டாமல் சுரப்பிரஸ்தாரத்தில் தொடங்குவது மாதிரி.

அக்கா மகளுக்கு இப்படித்தான் எழுதினேன். முதலில் 'தி இமாகுலேட் கலெக்‌ஷன்' கேள், வரிசையை மாற்றாமல், ஷஃபிளில் போடாமல், முதல் பாட்டிலிருந்து கடைசி வரை. வெட்டுகள் இருந்தாலும் ஒரு பாடகியின் கதையை இவ்வளவு நேராகச் சொல்வது வேறில்லை. கேட்டு முடித்ததும், பிடித்த பாட்டு எதுவோ அதை மட்டும் அது முதலில் வந்த ஆல்பத்தில் தேடிக் கேள். செயலியில் பாட்டின் பக்கத்தில் நிமிடக் கணக்கு இருக்கும், அதைப் பார். 'ஹாலிடே'க்குப் பக்கத்தில் நாலு என்று இருந்தால் அது சுருக்கியது, ஆறு என்று இருந்தால் முழுசு. 'லைக் எ ப்ரேய'ரை மட்டும் நான் சொல்கிறேன் என்பதற்காக ஆல்பத்தில் கண்டிப்பாகக் கேள். அடுத்த வாரம் 'ஜிஎச்வி2'. நீ தேடிய 'ஃப்ரோஸன்' ரீமிக்ஸ் ஆகாமல் அதில் இருக்கிறது, கொஞ்சம் சுருக்கித்தான்; முழுசு வேண்டுமானால் 'ரே ஆஃப் லைட்' ஆல்பத்தில் கேள். இந்த இரண்டும் பிடித்திருந்தால், ஒரு ராத்திரி படிப்பெல்லாம் முடிந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் 'சம்திங் டு ரிமெம்பர்'.

'செலிப்ரேஷ'னை அவளுக்குச் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொன்னேன். அக்கா காலையில் சமையலறையில் ஏதாவது ஓட வேண்டும் என்பாள், பாட்டுப் பாட்டாக உட்கார்ந்து கேட்க நேரமில்லை, தெரிந்த பாட்டு வந்தால் போதும் அவளுக்கு. அதற்கு இரண்டு சிடி செலிப்ரேஷனுக்கு இணையில்லை. ஒற்றை சிடியாக வந்த சுருக்கப் பதிப்பும் உண்டு, அதில் பதினெட்டுப் பாட்டுதான், அதை எடுக்க வேண்டாம். பழைய சிடி கடைகளில் இரண்டும் ஒரே அட்டைப் படத்தோடு வரும். பின்பக்கம் திருப்பிப் பாட்டுகளை எண்ணிவிட்டு வாங்கவும். கையில் சிடி வாங்குகிற எண்ணமே இருந்தால், என் ஓட்டு 'இமாகுலேட்'டின் சிடிக்குத்தான். அந்த க்யூசவுண்ட் வேலை நல்ல இரண்டு ஸ்பீக்கர்களுக்காகச் செய்தது. ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் பழக்கம் உள்ள வீட்டில் அதற்கு மதிப்பு உண்டு.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. "மாமா, லிவ் டு டெல் கேட்டுட்டிருக்கேன். நடுவுல நின்னு போச்சு. நெட்வொர்க் போயிடுச்சோன்னு ஃபோனைப் பாத்தேன்."

"தொடாதே, வெயிட் பண்ணு" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"வந்துட்டாங்க மாமா" என்று வந்தது.